மாதவிலக்கு நின்ற பிறகு: லேகியமா, எண்ணெயா, கிரீமா?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அயோத்தியாப்பட்டணத்திலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து அண்ணன் முன்னறையில் கண் அயர்ந்ததும், அண்ணி சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மஞ்சப்பையிலிருந்து மூன்று பொருளை எடுத்துத் தரையில் வைத்தார். ஏற்காட்டில் ஏரிக்கரையோரம் வாங்கிய காய்ந்த கிழங்குப் பொட்டலம். செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அமுக்கரா சூரணம். போனில் சொல்லிக் கூரியரில் வந்த மாத்திரை டப்பா. அதன்மேல் தலையில் பூ வைத்த பெண் படம். "இதுல எதைக் கண்ணு சாப்பிடறது? மூணையும் சேர்த்துச் சாப்பிட்டா ஆகாதா?" என்றார். எதற்காக என்று சொல்லவில்லை. அவருக்கு வயது 53, மாதவிலக்கு நின்று நான்கு வருஷம். கேட்ட தினுசிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் 22 வருஷமாக மருந்தாளுநராக இருக்கிறேன். இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. கூட்டம் குறையும் வரை ஓரமாக நிற்பார்கள். முதலில் முட்டிவலித் தைலம் கேட்பார்கள், அப்புறம் கால்சியம் மாத்திரை. மீதிக் காசை வாங்கி முந்தானையில் முடிந்த பிறகுதான், "ஏம்மா, அந்த இடத்துல எரிச்சலா இருக்குது, களிம்பு ஏதாவது இருக்குதா?" என்று குரலைத் தாழ்த்துவார்கள். வீட்டுக்காரரோடு சேர முடியவில்லை என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. அம்மாபேட்டைத் தறிக்காரப் பெண்கள் முதல் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வரும் எஸ்டேட் பெண்கள் வரை எல்லாரும் இப்படித்தான். நான் டாக்டர் இல்லை. ஆனால் எந்த மருந்து எதற்கு உதவும், எது உதவாது என்பதைப் படித்தும் பார்த்தும் தெரிந்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு அண்ணிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "வலி முதல்ல வந்துச்சுங்களா, ஆசை முதல்ல போச்சுங்களா அண்ணி?"

கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆசை இல்லாம இல்ல கண்ணு. பயமா இருக்குது. உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்ச மாதிரி இருக்குது. அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒண்ணுக்குப் போனா எரியுது. உங்க அண்ணன் திரும்பிப் படுத்தாலே நான் தூங்கற மாதிரி கண்ண மூடிக்கறேன்."

என்ன வாங்குவது என்ற முடிவுக்கு இந்தப் பதில்தான் ஆதாரம். வலி முதலில் வந்து, அதற்குப் பயந்து ஆசை ஒதுங்கிப்போவது ஒரு வகை. வலி எதுவும் இல்லாமல் மனம் மட்டும் ஒட்டாமல் போவது வேறு வகை. முதல் வகைக்கு மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் பிறப்புறுப்பின் உள்தோல். இரண்டாவது வகைக்குத் தூக்கம், சோர்வு, மனக்கவலை, சாப்பிடுகிற மற்ற மாத்திரைகள், வீட்டுச் சூழல் என்று எத்தனையோ பார்க்க வேண்டும். நாட்டு மருந்து வாங்குகிற பெரும்பாலோர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமலே வாங்குகிறார்கள். அதனால் நல்ல மருந்துகூடத் தவறான வேலைக்குப் போய்க் கெட்ட பெயர் எடுக்கிறது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். 12 மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால் நின்றுவிட்டதாகக் கணக்கு. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. கர்ப்பப்பையோடு சூலகத்தையும் எடுத்தவர்களுக்கு அறுவை சிகிச்சை முடிந்த கையோடு தொடங்கிவிடுகிறது. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்ததும் பிறப்புறுப்பின் உள்தோல் மெலிகிறது. அதன் மடிப்புகள் தட்டையாகின்றன, நெகிழ்ச்சி போகிறது, ஈரக்கசிவு குறைகிறது. அங்கே குடியிருந்த நல்ல பாக்டீரியா குறைந்துபோக, இயல்பாக இருந்த புளிப்புத்தன்மையும் போய்விடுகிறது. ஒட்டியே இருக்கும் சிறுநீர்ப்பாதைக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் காப்பு. அதுவும் மெலிவதால் எரிச்சல், அடக்க முடியாத அவசரம், திரும்பத் திரும்பத் தொற்று. முன்பு மருத்துவர்கள் இதை யோனிச் சுருக்கம் என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். 2014ல் இரண்டு மருத்துவ அமைப்புகள் பெயரையே மாற்றி, சிறுநீர்த் தொந்தரவையும் அதற்குள் சேர்த்தன. பெயர் மாறியதால் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு தெளிவு வந்தது. சிறுநீர் எரிகிறது என்று ஐந்தாவது முறையாக ஆன்டிபயாட்டிக் சீட்டோடு வரும் அம்மாவிடம், "சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்தீங்களாம்மா?" என்று இப்போது கேட்கிறேன். கிருமி இல்லாமல் இந்த மெலிவாலேயே எரியவும் கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குப்பென்று முகம் சூடாகி வியர்ப்பது பெரும்பாலோருக்குச் சில வருஷத்தில் தணிந்துவிடும். இந்த வறட்சி அப்படித் தணிவதில்லை. கவனிக்காமல் விட்டால் வருஷம் ஏற ஏறக் கூடும். "வயசானா சரியாப் போயிடும்" என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

சரி, அண்ணியின் பொட்டலத்துக்கு வருவோம். அது தண்ணீர்விட்டான் கிழங்கு. சதாவரி என்று டப்பாக்களில் எழுதியிருப்பதும் இதுதான். சேர்வராயன் மலைச் சரிவுகளில் புதரோடு புதராகப் படரும் முள்கொடி. ஊசி ஊசியாக இலை. தோண்டினால் ஒரே தூரில் கொத்துக் கொத்தாக விரல் பருமனுக்குக் கிழங்கு வரும். என் அம்மா பச்சைக் கிழங்கு கிடைத்தால் தோலைச் சீவி, நடுவில் இருக்கும் நாரைப் பிடித்து இழுப்பார். வெள்ளையாகக் குழல்போல மிஞ்சியதை நிழலில் காயவைத்து இடித்துப் பாலில் காய்ச்சுவார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுப்பது வழக்கம். பெயரிலேயே தண்ணீர் இருப்பதால் வறட்சிக்கும் இதுதான் மருந்து என்று நம் பெண்கள் மனதில் பதிந்துவிட்டது.

இதில் ஈஸ்ட்ரோஜனைப் போல லேசாக நடந்துகொள்ளக்கூடிய சப்போனின்கள் என்ற தாவரப் பொருள்கள் இருக்கின்றன. உடம்புச் சூட்டுக்கும் பொதுவான அலுப்புக்கும் பாலில் ஒரு கரண்டி போட்டுக் குடிப்பதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் மெலிந்துபோன உள்தோலைத் திரும்ப வளர்க்கும் வேலையில் ஈஸ்ட்ரோஜன் கிரீமுக்குப் பதில் இது போதும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று கிடையாது. வாயால் சாப்பிடுவது குடல், ஈரல் என்று சுற்றி உடம்பு முழுக்கப் பரவிய பிறகு அந்தத் தோலுக்குப் போய்ச் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை எடுத்தவர்கள், அந்தச் சிகிச்சை கொடுத்த டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. அந்த லேசான ஈஸ்ட்ரோஜன் குணம்தான் காரணம்.

அமுக்கராவின் கதை வேறு. அஸ்வகந்தா என்ற பெயரில் உலகம் முழுக்க விற்கிறது. பழைய முறைப்படி செய்கிறவர்கள் கிழங்குத் தூளை அப்படியே கொடுக்க மாட்டார்கள். பானையில் பாலும் தண்ணீரும் ஊற்றி, வாயில் துணி கட்டி, அதன்மேல் தூளை வைத்துப் புட்டுப்போல அவித்து, காயவைத்து, மறுபடி இடித்துச் சலிப்பார்கள். பிட்டவியல் என்று இதற்குப் பெயர். இந்தப் பக்குவம் செய்த சூரணமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் தோரணையிலேயே கடையைப் பற்றித் தெரிந்துவிடும்.

இதற்கு ஆய்வுகள் கொஞ்சம் உண்டு. 2015ல் வெளியான ஒன்றில் 50 பெண்களுக்கு எட்டு வாரம், தினம் இரண்டு வேளை 300 மில்லிகிராம் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குத் தாம்பத்தியத் திருப்தி கூடியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 21 முதல் 50 வயது வரை உள்ளவர்கள். மாதவிலக்கு நின்ற பெண்களைத் தனியாக எடுத்துச் செய்ததல்ல. மனக்கவலை, தூக்கமின்மை, ஓய்ந்துபோன உணர்வு இவற்றால் ஆசை குறைந்தவர்களுக்கு அமுக்கரா ஒரு கை கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அண்ணியைப் போல வலியால் ஒதுங்குகிறவர்களுக்கு இது போதாது.

அண்ணியிடம் நான் சொன்னதும் அவர் திடுக்கிட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு. அமுக்கரா சூரணம் என்று சித்த முறையில் செய்வதில் கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய், அமுக்கரா 64 பங்கும் சர்க்கரை 128 பங்கும் சேரும். அதாவது டப்பாவில் பாதி சர்க்கரை. அண்ணிக்கு ஏழு வருஷமாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "மருந்துதானே" என்று நினைத்துக்கொண்டிருந்தார். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடக்கூடும். ஈரல் பாதிப்பு வந்தவர்கள் பற்றிய பதிவுகளும் இருக்கின்றன. டென்மார்க் 2023ல் இதைத் தடையே செய்துவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது வேறு பேச்சு. மாதக்கணக்கில் சாப்பிடுவதாக இருந்தால் ஈரல், தைராய்டு ரத்தப் பரிசோதனைகளைச் செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

அண்ணி வாங்காத ஒன்று நெருஞ்சில். எனக்கு வியப்பாக இருந்தது இதுதான். நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் குடிநீர் என்று மட்டும்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மாதவிலக்கு நின்ற பெண்களிடமே இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் பிரேசில்காரர்கள். 2016ல் வெளிவந்த அந்த ஆய்வில் 45 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினர் தினம் 750 மில்லிகிராம் வீதம் 120 நாள் சாப்பிட்டார்கள். அவர்களிடம் ஆசை கூடியது, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனும் கொஞ்சம் ஏறியது. 45 பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். அதை வைத்து ஊருக்கே சொல்ல முடியாது. இருந்தாலும், வலி இல்லாமல் விருப்பம் மட்டும் குறைந்தவர்கள் மூலிகைதான் வேண்டும் என்று நின்றால், நான் தெருக்கோடி விளம்பரத்தைவிட இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன். வாங்கும்போது யானை நெருஞ்சில் வேறு, சிறு நெருஞ்சில் வேறு என்பது நினைவிருக்கட்டும். இரண்டும் வேறு வேறு குடும்பச் செடிகள். ஆய்வுகள் நடந்தது தரையோடு படர்ந்து காலில் குத்தும் சிறு நெருஞ்சிலில். இது சிறுநீரை இறக்கும் குணமுள்ளது. ரத்தக்கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சேர்த்துச் சாப்பிட வேண்டாம்.

வெந்தயத்துக்கும் ஆய்வு உண்டு. 2015ல், 20 முதல் 49 வயதுப் பெண்கள் 80 பேரிடம் செய்தார்கள். ஆசை கூடியது என்றார்கள். நம் வயதுக்காரர்கள் அதில் இல்லை. ஈரானில் வெந்தயச் சாற்றை கிரீமாக்கி, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு உள்ளே தடவியும் பார்த்திருக்கிறார்கள். பலன் இருந்தது, ஆனால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் அதைவிட நன்றாக வேலை செய்தது. அதைப் படித்துவிட்டு வீட்டில் அரைத்த வெந்தயத்தைத் தடவிவிடாதீர்கள். ஊறவைத்துச் சாப்பிடும் வெந்தயம் நல்ல உணவு, சர்க்கரையையும் இறக்கும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அளவு தெரிந்து சாப்பிட வேண்டும்.

சோயா உள்ளிட்ட தாவர வைத்தியங்களைப் பற்றி 2016ல் 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தாவர ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டவர்களுக்கு உடல் சூட்டு அலையும் யோனி வறட்சியும் ஓரளவு குறைந்தன. இரவு வியர்வை குறையவில்லை. உளுந்தங்களி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை எல்லாம் இந்த வயதுக்கு ஏற்ற சாப்பாடு. ஆனந்தமாகச் சாப்பிடலாம், மருந்து என்ற பாரத்தை அவற்றின் தலையில் ஏற்ற வேண்டாம்.

அசோகப்பட்டை மட்டும் எனக்குக் கவலை தருகிறது. அதிக உதிரப்போக்குக்குக் கொடுப்பது அது. வறட்சிக்கும் ஆசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பட்டையிலேயே நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்துவிடுவதும் நடக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கழிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், சேர்ந்த பிறகு பட்டாலும், அசோகாரிஷ்டம் குடித்து நிறுத்தப் பார்க்கக் கூடாது. வறட்சியால் தோல் கீறியும் வரலாம், கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் வரலாம். ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதேபோல வெளித்தோலில் வெள்ளையாகத் திட்டுப் படிந்து ஓயாமல் அரித்தால், அது வறட்சி மட்டுமல்ல. தோல் நோயாக இருக்கலாம்.

சாலாமிசிரி என்று சிலர் கேட்டு வருகிறார்கள். அது ஆர்க்கிட் செடியின் கிழங்கு. ஏற்காட்டில் அரசாங்கமே ஆர்க்கிட் தோட்டம் வைத்து அவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. காட்டிலிருந்து பிடுங்கி வரும் அதை வாங்காதீர்கள்.

மூன்றாவது பொருள், அந்தப் பூ வைத்த பெண் படம் போட்ட டப்பா. விலை 1,950 ரூபாய். பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் இருந்ததை டார்ச் அடித்து வாசித்தேன். சதாவரி, அஸ்வகந்தா, அதிமதுரம், பூனைக்காலி. எது எத்தனை மில்லிகிராம் என்று போடவில்லை. அதிமதுரம் நாள்பட உள்ளே போனால் உடம்பில் பொட்டாசியம் குறையும், ரத்தக்கொதிப்பு ஏறும், காலில் நீர் கோர்க்கும். அண்ணி அதை மூன்று வாரமாகச் சாப்பிட்டிருக்கிறார். கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இவ்வளவு நாள் ஒரே ஊரில் நான் இருந்தும், என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு யாரோ முகம் தெரியாதவரிடம் போனில் கேட்டிருக்கிறார்.

தாம்பத்திய சுகத்தைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. அப்படி விளம்பரம் வந்தால் அதுவே எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம். இணையத்தில் விற்ற ஆயுர்வேதப் பொருள்களை வாங்கிப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2008ல் வந்தது. ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பஸ்பம், செந்தூரம் சேர்ந்த எதையும் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் கையால் தவிர வாங்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கிறது. அங்கே காசில்லாமல் கேட்கலாம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர்களும் கேட்பார்கள்.

இனி, தடவுகிற பக்கம். வலிதான் பிரச்சினை என்றால் இங்கேதான் நேரத்தையும் காசையும் செலவிட வேண்டும். வீட்டில் இருப்பது தேங்காய் எண்ணெய். வாசனை சேர்க்காத சுத்தமான எண்ணெயைச் சேரும் நேரத்தில் வெளியே தடவிக்கொள்வது பல பெண்களுக்கு அன்றைய வலியைக் குறைக்கிறது. ஆணுறை போடுகிறவர்கள் எண்ணெயைத் தொடக்கூடாது, ரப்பர் நைந்துவிடும். எண்ணெயை உள்ளே விடும் பழக்கமுள்ள பெண்களிடம் பூஞ்சை அதிகம் குடியிருப்பதை 2013ல் ஓர் ஆய்வு காட்டியது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஏற்கனவே பூஞ்சைக்கு வழி திறந்து கிடக்கிறது. அதனால் அண்ணிக்கு எண்ணெயை நான் முதலாவதாகச் சொல்லவில்லை.

சோற்றுக்கற்றாழையை வெட்டியதும் வழியும் மஞ்சள் பால் எரியும். நன்றாகக் கழுவினாலும் வீட்டில் வழித்த சோறு கிருமியற்றதல்ல. உள்ளே வைக்க வேண்டாம்.

கடையில் கிடைக்கும் வழவழப்பு ஜெல் இரண்டு விதம். ஒன்று சேரும்போது மட்டும் பயன்படுத்துவது. மற்றது ஈரம் காக்கும் ஜெல். சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வாரம் இரண்டு மூன்று முறை உள்ளே வைப்பது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்றை வாங்கி மற்றதுபோல் பயன்படுத்தி, "எல்லாம் ஏமாத்து" என்று திரும்பிக் கொடுக்க வந்தவர்கள் உண்டு. வாசனை, சூடேற்றும் உணர்வு என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள், மெலிந்த தோலில் மிளகாய் பட்டதுபோல் எரியும். சோப்பும் கிருமிநாசினித் தண்ணீரும் போட்டு உள்ளே கழுவும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். வெறும் தண்ணீர் போதும்.

ஈஸ்ட்ரோஜன் கிரீம் என்றதும் நம்மவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடியதால் 2002ல் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அது வாயால் சாப்பிடும் மாத்திரை. இது விரல்நுனி அளவு கிரீம், இடத்தோடு நிற்பது. குறைந்த அளவில் பயன்படுத்தும்போது ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இருக்க வேண்டிய அளவைத் தாண்டுவதில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் இரவு, அப்புறம் வாரம் இரண்டு நாள். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றையும் குறைக்கிறது. டாக்டர் சீட்டு கட்டாயம் வேண்டும். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் அதைப் பார்த்த பிறகுதான். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் முதலில் ஈரம் காக்கும் ஜெல்லைப் பார்த்துவிட்டு, போதாவிட்டால் புற்றுநோய் டாக்டரோடு பேச வேண்டும்.

கிரீம்தான் எல்லாருக்கும் என்று நான் சொல்லவில்லை. 2018ல் வெளியான ஆய்வு ஒன்றில் 302 பெண்களை மூன்று பிரிவாக்கி, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, ஈரம் காக்கும் ஜெல், மருந்தில்லாத ஜெல் என்று 12 வாரம் உள்ளே வைக்கக் கொடுத்தார்கள். மூன்று பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நிம்மதி கிடைத்தது. எனக்கு இது பெரிய பாடம். வழவழப்பான ஏதோ ஒன்றை ஒழுங்காகப் பயன்படுத்துவதும், நம் கஷ்டத்தை ஒருவர் காதுகொடுத்துக் கேட்பதுமே பாதி மருந்து. மூலிகை சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை என்பதும் இதிலிருந்து புரிகிறது. அதனால் தொந்தரவு லேசாக இருப்பவர்கள் ஜெல்லில் தொடங்கலாம். சிறுநீர் எரிச்சலும் கீறலும் சேர்ந்தவர்கள் நேராக டாக்டரிடம் போய் கிரீம் பற்றிக் கேட்பது நல்லது.

மருந்துப் பையையும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். அலர்ஜி மாத்திரை உடம்பு முழுக்க உலர்த்தும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆசையைக் குறைக்கும்; அவற்றைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரில் சர்க்கரையை இறக்குவதால் அந்த இடத்தில் பூஞ்சை வரக்கூடும். அரிப்போடு வெள்ளையாகத் திரிந்தாற்போல் பட்டால் வறட்சி என்று நினைக்காமல் அதைப் பார்க்க வேண்டும். அடி இறங்கியிருந்தாலும், அதாவது கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தாலும், வலிக்கலாம். அதற்கு எந்தக் கிழங்கும் உதவாது.

வீட்டுச் சூழலை எந்த ஆய்விலும் மில்லிகிராமில் எழுத முடியாது. தறி ஓடும் ஒற்றைக் கூடத்தில் மகன், மருமகள், பேரன் எல்லாரும் படுக்கிற வீட்டில், ஐம்பது வயதுக்காரி எந்த நேரத்தில் மனம் விட்டுப் புருஷனோடு பேசுவது? அவருக்கும் சர்க்கரை இருந்தால், அவருக்கே முடியாமல் போயிருக்கும். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோடாமல் ஒதுங்கிப் படுத்திருப்பார்கள். இனி வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து தீர்மானித்தால் அதுவும் சரியான முடிவுதான். அப்போதும் எரிச்சலுக்கும் சிறுநீர்த் தொந்தரவுக்கும் மருந்து எடுக்க வேண்டும். புருஷனை இழந்தவர்கள் "எனக்கு எதுக்கும்மா அது?" என்று கூச்சப்பட்டு ஜெல்லைத் தள்ளி வைக்கிறார்கள். உட்காரும்போதும் நடக்கும்போதும் உரசி எரிவது அவர்களுக்கும்தானே.

அண்ணியை அடுத்த வாரம் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பரிசோதித்துவிட்டு எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகைக் கிரீமும், சேரும் நேரத்துக்கு நீர் சேர்ந்த ஜெல்லும் எழுதிக் கொடுத்தார். டப்பா மாத்திரை அன்றோடு நின்றது. பத்து நாளில் கால் வீக்கம் வடிந்தது. சர்க்கரை கலந்த சூரணத்தை நான் எடுத்துக்கொண்டேன். கிழங்குப் பொட்டலத்தை மட்டும் அண்ணி விடவில்லை. பாலில் போட்டுக் குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்றார். கிழங்கு நன்றாகக் காய்ந்து, பூசணம் இல்லாமல் இருந்தது. வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வாரம் இரண்டு நாள் என்றதும், மறக்காமல் இருக்க எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் செவ்வாய், வெள்ளியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "கோயிலுக்குப் போற நாளு கண்ணு, வேண்டாம்" என்று திங்களும் வியாழனுமாக மாற்றிக்கொண்டார். தினசரிக் காலண்டரில் அந்தத் தாள்களின் மூலையை மடித்து வைத்திருந்ததைக் கார்த்திகையில் போனபோது பார்த்தேன். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தை பிறந்து ஒரு நாள் காலையில் கடைக்கு போன் செய்தார். "அந்தக் கிரீம் தீரப்போகுது, இன்னொண்ணு எடுத்து வை கண்ணு. உங்க அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் வர்றாரு, அவர்கிட்டயே கொடுத்துடு. என்னன்னு அவருக்குத் தெரியும்."